அம்மாவுக்கு பாஸ்பரஸ் 1.3: எங்கோ ஒளிந்திருக்கும் கட்டியை ஸ்கேனில் பிடிக்க முடியுமா?

குடியாத்தம் தறி | பிப்ரவரி 8, இரவு 11.05

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 51 வயது. வீட்டிலேயே குழித்தறியில் லுங்கி நெய்பவர். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் தறிக்குழியில் இருந்து எழ முடியவில்லை என்று கூப்பிட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் இடுப்பு, அப்புறம் தொடை, அப்புறம் விலா. இருமினால் விலாவைப் பிடித்துக்கொள்வார். நடை மாறி, வாத்து மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து போவார். போன தீபாவளிக்குக் கட்டிய புடவை தரையில் இழுபட்டது. புடவை நீளம் என்று நினைத்தோம். ஜாக்கெட் தைக்கிற அக்காதான் "உயரம் குறைஞ்சிட்டீங்களே" என்றார்.

போகாத இடமில்லை. தேய்மானம் என்றார்கள், வாதம் என்றார்கள், மாதவிடாய் நின்ற வயசு என்றார்கள். ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு "மனசுதான், வீட்டில் ஏதாவது சண்டையா" என்று கேட்டார். வாரம் ஒரு வைட்டமின் டி3 சாஷே, 60,000 யூனிட், இரண்டு வருடம். கட்டு வைத்தியரிடம் விலாவுக்கு எண்ணெய்க் கட்டு. எலும்பு தேய்மானத்துக்கு வருடம் ஒருமுறை போடும் ஊசியும் ஒரு தடவை போட்டாயிற்று. கடைசியாக ஒரு ஊரில் எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் விலா, இடுப்பு, தொடை என்று எங்கு பார்த்தாலும் கறுப்புப் புள்ளி. "புற்று பரவியிருக்கலாம்" என்றார்கள். அந்த இருபது நாளைப் பற்றி எழுத விருப்பமில்லை.

பிறகு ஒரு இளவயது டாக்டர் ஃபைலை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு "இதில் பாஸ்பரஸ் எங்கே?" என்று கேட்டார். நான்கு வருட ஃபைல், இரண்டு கிலோ தேறும், ஒரு பாஸ்பரஸ் கிடையாது! வெறும் வயிற்றில் எடுத்தார்கள்: 1.3. பெரியவர்களுக்கு 2.5 முதல் 4.5 வரை இருக்க வேண்டுமாம். கால்சியம் சரியாக இருக்கிறது, ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற எலும்பு நொதி 412, அதிகம். சிறுநீரில் பாஸ்பேட் ஒழுகுகிறது. எஃப்.ஜி.எஃப்.23 என்ற ஹார்மோன் அதிகம். உடம்பில் எங்கோ ஒரு சின்னக் கட்டி அதைச் சுரக்கிறது, அதனால்தான் எலும்பு மென்மையாகிறது என்கிறார்கள். அந்தக் கட்டியைத் தேட காலியம் டோட்டாடேட் பெட் சி.டி. என்ற ஸ்கேனை ஒரு மையத்தில் எடுத்தோம். ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட். இப்போது இன்னொரு முறை எடுக்கச் சொல்கிறார்கள்.

கட்டி நிஜமாகவே இருக்கிறதா, இல்லை யூகமா? மறுபடி அவ்வளவு பணம் கட்டி எடுப்பதில் அர்த்தம் உண்டா?

காமா கேமரா | பிப்ரவரி 9, காலை 6.40

தம்பி, நான் காட்பாடிக்காரன். நியூக்ளியர் மெடிசின் பிரிவில் டெக்னாலஜிஸ்டாகப் பல வருடம். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

யூகம் இல்லை. அந்த ஹார்மோன் சிறுநீரகத்திடம் "பாஸ்பேட்டை வெளியே தள்ளு" என்கிறது. வைட்டமின் டி செயல்படும் வடிவத்துக்கு மாறுவதையும் அடக்கிவிடுகிறது. அதனால்தான் சாஷே சாஷேயாகக் கொடுத்தும் பலனில்லை. வீடு கட்டும்போது கம்பி கட்டி சென்ட்ரிங் அடித்துவிட்டு கான்கிரீட் கொட்டாமல் விட்டால் எப்படி? அம்மாவின் எலும்பு அப்படி இருக்கிறது. கனிமம் படியவில்லை. அது தேய்மானம் அல்ல, ஆஸ்டியோமலேசியா. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் இரண்டுமே 'அடர்த்தி குறைவு' என்றுதான் வரும். தேய்மான ஊசி எலும்பு கரைவதைத் தடுக்கிற மருந்து. கனிமம் படியாத எலும்புக்கு அதனால் என்ன பயன்?

எலும்பு ஸ்கேனில் வந்த கறுப்புப் புள்ளியும் அப்படித்தான். அதில் போடுவது டெக்னீசியம். எலும்பு எங்கே தன்னைத் தானே ஒட்டவைக்கப் பார்க்கிறதோ அங்கே போய்ச் சேரும். அம்மாவுக்கு விலாவிலும் இடுப்பிலும் தெரியாமலேயே மயிர்க்கோட்டு முறிவுகள் இருக்கும். அதைப் பரவிய புற்று என்று பயந்துபோவது நிறைய நடக்கிறது.

இனி உங்கள் ஸ்கேன். இந்தக் கட்டிகள் பெரும்பாலும் புற்றல்ல. ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும், மெதுவாக வளரும். மெதுவாக வளர்வதால் சர்க்கரை தின்னும் வேகமும் குறைவு. அதனால் கதிர்வீசும் சர்க்கரையைக் கொடுத்துப் புற்றுக்கு எடுக்கும் சாதாரண எஃப்.டி.ஜி. பெட்டில் மங்கலாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. ஆனால் அவற்றின் மேற்பரப்பில் சோமாடோஸ்டாடின் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் நிறைய. டோட்டாடேட் அந்த ஹார்மோன் மாதிரியே செய்த ஒரு துண்டு. அதன் ஒரு முனையில் கூண்டு போல ஒரு மூலக்கூறு, கூண்டுக்குள் கதிர்வீசும் காலியம்-68. ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு அங்கிருந்தே பாசிட்ரானை விடும். பாசிட்ரான் பக்கத்து எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உள்ள இரண்டு காமா கதிர்கள் நேரெதிர்த் திசையில் கிளம்பும். சுற்றியிருக்கும் வளையம் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துவிட்டால் எந்தக் கோட்டில் இருந்து வந்தது என்று தெரிந்துவிடும். லட்சக்கணக்கான கோடுகள் சேர்ந்ததுதான் படம்.

காலியம் பாதியாகக் குறைய எடுக்கும் நேரம் 68 நிமிடம் (நிறை எண்ணும் 68, நிமிடமும் 68. புதிதாகச் சேரும் பையன்களுக்கு இப்படித்தான் மனப்பாடம் செய்யச் சொல்வேன்). வெளியூரில் இருந்து வரவழைத்து வைத்திருக்க முடியாது. ஜெர்மேனியம்-68 மெல்ல மெல்லக் காலியமாக மாறும், அதை அடைத்த ஜெனரேட்டர் என்ற சாதனத்தில் இருந்து அங்கேயே இறக்க வேண்டும். காலையில் கறந்த மாட்டை மதியம் மறுபடி கறக்கிற மாதிரி, நாலு மணி நேரத்தில் மறுபடி ஊறியிருக்கும்.

இதெல்லாம் இருக்கட்டும். ரிப்போர்ட்டின் முதல் பத்தியில் எங்கிருந்து எங்கே வரை எடுத்தார்கள் என்று ஒரு வரி இருக்கும். அதை இங்கே போடுங்கள்.

குடியாத்தம் தறி | பிப்ரவரி 9, மதியம் 1.15

மண்டையோட்டின் அடி முதல் தொடை நடு வரை என்று போட்டிருக்கிறது, அண்ணா.

காமா கேமரா | பிப்ரவரி 9, மதியம் 1.32

அப்படியானால் முழு ஸ்கேன் எடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்ளவே கூடாது. மண்டையோட்டு அடி முதல் தொடை நடு வரை என்பது புற்றுக்கு எடுக்கிற வழக்கமான அளவு. இந்தக் கட்டிக்குப் பிடித்த இடங்களோ கால், பாதம், மூக்குக் குழி, தாடை. தலை உச்சி முதல் கால் விரல் நுனி வரை எடுக்க வேண்டும், கைகளும் படத்துக்குள் வர வேண்டும். மேசையில் படுக்கிற நேரம் கூடும், அவ்வளவுதான். சீட்டில் காரணம் எழுதாமல் வெறும் டோட்டாடேட் பெட் என்று மட்டும் எழுதி அனுப்பினால் எங்கள் ஆட்கள் பழக்கத்தில் தொடையோடு நிறுத்திவிடுவார்கள். யார் மேலும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் ஒரு காலத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

ராணிப்பேட்டை செல்வி | பிப்ரவரி 9, இரவு 8.20

தம்பி, எனக்கு இருந்தது இதே நோய்தான். ஷூ கம்பெனியில் நின்றுகொண்டு செய்யும் வேலை. நிற்க முடியாமல் வேலையை விட்டேன். மூன்று வருடம் சக்கர நாற்காலி. கட்டி இருந்தது மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில். எனக்கு வலது மூக்கு அடைப்பு ஏழெட்டு வருடமாக உண்டு, சைனஸ் என்று ஆவி பிடித்துக்கொண்டு கிடந்தேன். காலில் வலி என்று போகிறவளிடம் மூக்கைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? நானும் சொல்லவில்லை.

அதனால் ஒன்று செய்யுங்கள். அம்மாவை உட்காரவைத்து, தலையில் இருந்து கால் வரை எங்கேயாவது பழைய கட்டி, மரு, வீக்கம், ஆறாத இடம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்து ஈறையும் பாருங்கள். வெட்கப்படுவார்கள், வீட்டுப் பெண்கள் யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆம்பூர் லெதர் | பிப்ரவரி 9, இரவு 9.02

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஏற்கெனவே எலும்பு ஸ்கேன், ஒரு பெட், எத்தனையோ எக்ஸ்ரே. இன்னும் ஒரு கதிர்வீச்சு ஊசியா? வியாதியைக் கண்டுபிடிக்கப் போய் வேறு வியாதியை வாங்கிக்கொண்டு வரப்போகிறார்கள். ஸ்கேன் வைத்திருக்கிறவன் ஸ்கேன்தான் எடுக்கச் சொல்வான்.

காமா கேமரா | பிப்ரவரி 9, இரவு 10.10

நியாயமான கேள்வி. காலியம் டோட்டாடேட் ஊசியில் இருந்து வருவது ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிசீவெர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண், பாறை, வானம் என்று ஒரு மனிதருக்கு ஒரு வருடத்தில் இயற்கையாகக் கிடைப்பது உலக சராசரியில் 2.4. கூடவே எடுக்கும் சி.டி.யும் தன் பங்கைச் சேர்க்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். சும்மா செக்கப்புக்கு எடுக்கிற ஸ்கேன் இல்லை இது. ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸும் ஹார்மோனும் உறுதியான பிறகுதான் எடுக்க வேண்டும். 51 வயதில் தறிக்குழியை விட்டு எழ முடியாதவருக்கு அந்தக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பழைய பஞ்சாங்கம் | பிப்ரவரி 10, காலை 5.50

ஆற்காட்டில் முப்பது வருடம் வேதியியல் வாத்தியார். ஓய்வுக்குப் பிறகு கண்டதையும் படிக்கிற பழக்கம். 1947-இல் மெக்கான்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். கட்டியை எடுத்ததும் குணமானது. ஆனால் கட்டிதான் காரணம் என்று அவர் முடிவு கட்டவில்லை. 1959-இல் பிராடர் என்ற சுவிஸ் குழந்தை மருத்துவர் விலா எலும்பில் கட்டி இருந்த ஒரு சிறுமியைப் பார்த்து, கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்றார். அந்தப் பொருளுக்குப் பெயர் கிடைக்க 2000, 2001 ஆகிவிட்டது. அதுதான் நம் தம்பியின் ரிப்போர்ட்டில் இருக்கும் எஃப்.ஜி.எஃப்.23.

இன்னொரு சந்தேகம். நம் பக்கத்து தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதனாலும் எலும்பு வலி வரும் அல்லவா?

காமா கேமரா | பிப்ரவரி 10, காலை 7.15

வரும், சார். ஆனால் ஃபுளோரைடில் எலும்பு பெரும்பாலும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகக் கெட்டித்துத் தெரியும். சிறுநீரில் பாஸ்பேட் ஒழுகி இவ்வளவு கீழே போவதற்கு அது காரணம் இல்லை.

பாபுராவ் தெரு மருந்துக்கடை | பிப்ரவரி 10, காலை 11.30

கடையில் கூட்டம், சுருக்கமாக எழுதுகிறேன். கட்டி கிடைக்கும் வரை பாஸ்பேட் திரவம் எழுதியிருப்பார்கள். அதை ஒரே மடக்காகக் குடிக்கவைக்காதீர்கள். வயிற்றோட்டம் வரும், அப்புறம் அம்மா மருந்தையே வேண்டாம் என்பார். நாலு ஐந்து வேளையாகப் பிரிக்க வேண்டும். கால்சியம் மாத்திரையோடு சேர்த்தும் வேண்டாம், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டும் வீணாகும். கால்சிட்ரியால் மாத்திரை கூடவே இருக்கும், அதுதான் செயல்படும் வடிவ டி. வருடக்கணக்கில் இப்படியே ஓட்டவும் முடியாது. பாராதைராய்டு சுரப்பி கெட்டுப்போகலாம், சிறுநீரகத்தில் கால்சியம் படியலாம். புரோசுமாப் என்று ஒரு ஊசி இருக்கிறது, அந்த ஹார்மோனையே கட்டிப்போடும். அமெரிக்காவில் 2020-இல் இந்த நோய்க்கு அனுமதித்தார்கள். விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும்.

குடியாத்தம் தறி | பிப்ரவரி 12, இரவு 10.45

செல்வி அக்கா சொன்னபடி தங்கச்சியை விட்டுப் பார்க்கச் சொன்னேன். மூக்கு, வாய், கழுத்து ஒன்றும் இல்லை. இடது உள்ளங்காலில் ஒரு கால் ஆணி மட்டும். "இன்னாடா, அது அஞ்சாறு வருஷமா கீது, ஆணிதானே, கம்முனு இரு" என்கிறார் அம்மா. ஆணி பிளாஸ்டர் எல்லாம் ஒட்டிப் பார்த்தது நானே அறிவேன். நெசவாளிக்குக் கால் ஆணி வருவதில் அதிசயம் என்ன இருக்கிறது. மார்ச் முதல் வாரம் ஸ்கேனுக்குத் தேதி கிடைத்திருக்கிறது.

காமா கேமரா | பிப்ரவரி 13, காலை 6.20

ஆணியோ வேறெதுவோ, தெரியாது. இடது உள்ளங்காலில் தடிப்பு என்று சீட்டில் எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

குடியாத்தம் தறி | மார்ச் 5, இரவு 11.50

இன்று எடுத்தாயிற்று. காலை ஐந்து மணி பஸ்ஸில் வேலூர். ஊசி போட்டுவிட்டு ஒரு மணி நேரம் தனி அறை, தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். பட்டினி தேவையில்லை என்று சொன்னதால் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம், இட்லி சாப்பிட்டுத்தான் போனார். மேசையில் முக்கால் மணி நேரம். பேரப்பிள்ளையை இன்று மட்டும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார்கள், அதற்குத்தான் அழுதார்.

படங்களை ஒரு டிஸ்கில் போட்டுக் கொடுத்தார்கள். ரிப்போர்ட் வரும் வரை பொறுக்காமல் பக்கத்துக் கடையில் போட்டுப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மண்ணீரல், இரண்டு சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் தீப்பிடித்த மாதிரி எரிகிறது. விலாவில் மூன்று நாலு, தொடை எலும்புக் கழுத்தில் ஒன்று. அண்ணா, இதெல்லாம் கட்டியா?

காமா கேமரா | மார்ச் 6, காலை 5.30

பதறாதீர்கள். மண்ணீரலில் அந்த ஏற்பி இயற்கையாகவே உண்டு. சிறுநீரகம் மருந்தை வெளியேற்றுகிறது. அட்ரினல், பிட்யூட்டரியும் எரியும், யாருக்கு எடுத்தாலும் அப்படித்தான். விலாவில் இருப்பவை பழைய முறிவுகளாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆறிக்கொண்டிருக்கும் முறிவு இந்த மருந்தைக் கொஞ்சம் இழுக்கும். இங்கேதான் படம் படிக்கிறவரின் அனுபவம் வேலை செய்யும். மங்கலான விலாப் புள்ளியைக் கட்டி என்று நினைத்து அறுத்துப் பார்த்தால் வெறும் முறிவாக இருக்கும். எது மிகப் பிரகாசமோ, சி.டி.யில் எதன் வடிவம் முறிவுக்குப் பொருந்தவில்லையோ அதைப் பார்ப்பார்கள்.

பாதம் எப்படி இருக்கிறது?

குடியாத்தம் தறி | மார்ச் 6, காலை 5.41

பாதத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்ததுமே மூடிவிட்டேன்.

குடியாத்தம் தறி | மார்ச் 7, மாலை 6.10

இடது உள்ளங்கால். கால் ஆணி.

ரிப்போர்ட்டில் அப்படியே எழுதியிருக்கிறார்கள், இடது பாதத்தின் அடிப்பகுதி மென்திசுவில் தீவிரமாக மருந்தை ஏற்கும் முடிச்சு என்று. விலாவும் தொடையும் முறிவுகள்தான். எம்.ஆர்.ஐ.யில் 1.8 சென்டிமீட்டர். நான்கு வருடமாக அந்தக் காலோடுதான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக நடந்திருக்கிறார். நானே என் கையால் அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறேன்.

ராணிப்பேட்டை செல்வி | மார்ச் 7, மாலை 6.35

தம்பி, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆபரேஷன் செய்கிறவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து எடுப்பாரா? ஓரத்தில் மிச்சம் விட்டால் மறுபடி வளரும். எனக்கு இரண்டு முறை அறுத்தார்கள்.

ஆம்பூர் லெதர் | மார்ச் 7, இரவு 9.15

முதலில் குறை சொன்னவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன்: காலைத் தொட்டுப் பார்த்திருந்தால் இந்த ஸ்கேனே வேண்டியிருந்திருக்காது, இல்லையா?

காமா கேமரா | மார்ச் 7, இரவு 9.50

தொட்டிருந்தாலும் ஆணி என்றுதானே சொல்லியிருப்போம். ஊரில் பாதிப் பேருக்குக் காலில் ஆணி. எல்லோருக்கும் அறுக்க முடியுமா? தொட்டுப் பார்ப்பதும் வேண்டும், படமும் வேண்டும்.

குடியாத்தம் தறி | ஏப்ரல் 2, இரவு 10.20

ஆபரேஷன் முடிந்து பதினாறு நாள். பயாப்சியிலும் அதே கட்டிதான், புற்று இல்லை, ஓரம் சுத்தம். பாஸ்பேட் திரவத்தை நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் நாள் 1.9, ஐந்தாம் நாள் 2.8, நேற்று 3.4. ஒவ்வொரு நம்பரையும் நைனா காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.

வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். முழுசாகப் போகவில்லை. எலும்பில் கனிமம் படிய மாதக்கணக்கில் ஆகும், தொடை எலும்புக் கழுத்து கூடும் வரை வாக்கர்தான் என்கிறார்கள். குறைந்த உயரம் திரும்பாது. அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொள்கிறார். நேற்று உதவியில்லாமல் கட்டிலில் புரண்டு படுத்தார், இரண்டு வருடத்துக்குப் பிறகு.

செய்யாறு பொண்ணு | ஏப்ரல் 4, மதியம் 12.05

இந்த இழையை நேற்று இரவு முழுக்கப் படித்தேன். என் அத்தைக்கும் ஒரு மாதமாக உடம்பெல்லாம் எலும்பு வலி, அசதி. உங்களைப் பார்த்து பாஸ்பரஸ் எடுத்தோம், 1.8. எந்த மையத்தில் ஸ்கேன் எடுத்தால் பாதம் வரை எடுப்பார்கள்? சீக்கிரம் சொல்லுங்கள், பயமாக இருக்கிறது.

பாபுராவ் தெரு மருந்துக்கடை | ஏப்ரல் 4, மதியம் 12.25

இருங்கம்மா. அத்தைக்குச் சமீபத்தில் ரத்தசோகைக்கு ட்ரிப்பில் இரும்பு ஏற்றினார்களா?

செய்யாறு பொண்ணு | ஏப்ரல் 4, மதியம் 12.31

ஆமாம் அண்ணா. ஹீமோகுளோபின் 7 இருந்தது. இரண்டு வாரத்தில் இரண்டு தடவை, பழுப்பு நிற மருந்து. ஏன் கேட்கிறீர்கள்?

பாபுராவ் தெரு மருந்துக்கடை | ஏப்ரல் 4, மதியம் 12.48

ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்று ஒரு இரும்பு மருந்து உண்டு. ரத்தம் ஏற நல்ல மருந்துதான், என் கடையிலேயே தினமும் போகிறது. ஆனால் சிலருக்கு அது இதே எஃப்.ஜி.எஃப்.23-ஐ ஏற்றிவிட்டு பாஸ்பரஸை இறக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகும், அடுத்தடுத்து ஏற்றிக்கொண்டே போனால்தான் எலும்பு வரை போகும். கட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்கேன் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அந்த மருந்துச் சீட்டையும் பாஸ்பரஸ் ரிப்போர்ட்டையும் இரும்பு ஏற்றிய டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்த ட்ரிப்புக்குத் தேதி கொடுத்திருந்தால் அதற்கு முன்பே காட்டுங்கள்.

செய்யாறு பொண்ணு | ஏப்ரல் 4, மதியம் 12.55

தேதி வியாழக்கிழமை. நாளைக்கே போகிறோம்.